ஜெபக் குறிப்பில் நான்காவது வரி

காலை ஆறே முக்காலுக்கு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறினால், மல்லூர் தாண்டுவதற்குள் எங்கள் சபையின் ஜெபக் குறிப்பை அனுப்பிவிடுவேன். ஐந்து வருஷம் இதுதான் என் ஊழியம். ஊழியம் என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. அப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாராவது “சபையில என்ன செய்யறீங்க பிரதர்?” என்று கேட்டால், “ஜெபக் குழு நம்ம பொறுப்புலதான் இருக்கு” என்பேன். அந்த ‘நம்ம’வில் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். அந்தக் கொழுப்புடனேயே ஒரு தாயின் வயிற்றில் நான் நெருப்பைக் கொட்டினேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெபக் குறிப்பு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சபையில் ஒருவருக்கு ஆபரேஷன், ஒருவருக்கு வரன் அமையவில்லை, ஒருவருக்கு வேலை போய்விட்டது என்றால் எனக்குச் சொல்வார்கள். நான் அதை ஒரே வரியாக்கி, எண் போட்டு, வாட்ஸப் குழுவில் தினமும் அனுப்புவேன். எல்லோரும் அவரவர் இடத்திலிருந்தே அதற்காக ஜெபிக்க வேண்டும். கீழே ‘ஸ்தோத்திரம்’ என்று தனியாக ஒரு தலைப்பு உண்டு. கேட்டது கிடைத்துவிட்டால், அந்த வரியை மேலே வெட்டிக் கீழே ஒட்டுவேன். படித்தவர்கள் ‘ஆமென்’ போடுவார்கள். டைப் செய்யச் சோம்பல் உள்ளவர்கள் கை கூப்பிய படம் போடுவார்கள்.

எனக்கு இந்த வேலை கைவந்த கலை. நாமக்கல்லில் நான் வேலை பார்ப்பது முட்டை வியாபார ஆபீசில். தினமும் காலையில் கடைக்காரர்களுக்கு அன்றைய முட்டை விலையை மெசேஜ் அனுப்ப வேண்டும். நேற்றைய மெசேஜை எடுத்து, விலையை மட்டும் மாற்றி, எல்லோருக்கும் ஒரே தட்டலில் அனுப்பிவிடலாம். ஜெபக் குறிப்பையும் அதே விரலால் அதே மாதிரிதான் அனுப்பினேன். நேற்றையதை எடுப்பேன், தேதியை மாற்றுவேன், அனுப்புவேன்.

“நீங்க அனுப்பற லிஸ்ட்டை நீங்க படிக்கறீங்களா?” என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். அவள் சமையல்கட்டில் சட்னி தாளித்துக்கொண்டே அதில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் வாய்விட்டு ஜெபிப்பவள். கடுகு வெடிக்கும் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்காது. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, “எழுதறவனுக்குத் தெரியாதா?” என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் நான் ஜெபித்து வெகுகாலம் ஆகியிருந்தது. முழங்கால் போட்டால் வலி. காலையில் நேரமில்லை, பஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டவருடன் நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிப் பிரசங்கம் கேட்பேன். அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவேன், ராசிபுரம் வருவதற்குள் முடிய வேண்டுமே. தேவ செய்தியையே அவசரப்படுத்திக் கேட்ட ஆள் நான். போனில் காலையில் ஒரு வசனப் படம் வரும், சூரியோதயமும் அருவியுமாக. அதை நாலு குழுவுக்குத் தள்ளிவிட்டால், அன்றைக்குக் கடவுளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி வந்துவிடும். அந்தத் திருப்தியை நினைத்தால் எனக்கு இப்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது.

குறிப்பில் நான்காவது வரி இரண்டு வருஷமாக மாறவே இல்லை. ‘ஒரு சகோதரியின் மகன் வீடு திரும்ப.’ அந்த அக்கா சூரமங்கலத்தில் ரயில்வே லைனுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். கணவர் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து இறந்துபோனார். ஒரே மகன். அப்பாவை அடக்கம் செய்த மறு மாதம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போனவன், முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்துகொண்டிருந்தான். பிறகு போன் நின்றது. வண்டிக்காரரைக் கேட்டால், நடுவழியில் கணக்கை முடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான் என்றார். எங்கே இறங்கினான், ஏன் இறங்கினான் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்ததும் அப்படியே கிடக்கிறது. அந்த அக்காவுக்கு மிச்சம் இருந்தது சபையும் ஜெபமும்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, “தம்பி, என்ற பையனை லிஸ்ட்டுல வெச்சிருக்கீங்கல்லங்க?” என்று கேட்பார். “இருக்குக்கா, தினமும் போகுது” என்பேன். அவர் முகம் கொஞ்சம் தெளியும்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை வைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் இன்னொரு குடும்பத்தில் துபாயிலிருந்து மகன் நல்லபடியாக வந்து சேர்ந்திருந்தான். அது ஐந்தாவது வரி. அதை வெட்டி ஸ்தோத்திரத்தில் ஒட்ட வேண்டும். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். பின்னால் ஒருவர் இறங்க வழி கேட்டு இடித்தார். நான் வெட்டினேன், ஒட்டினேன், ‘திரும்ப’ என்பதைத் ‘திரும்பியதற்காக’ என்று மாற்றினேன், அனுப்பினேன். திரும்பப் படிக்கவில்லை. பிறகு முட்டை விலையை அனுப்பினேன். அதை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தேன், தப்பானால் முதலாளி உயிரை எடுத்துவிடுவார்.

அன்று வழக்கத்தைவிட அதிகமாக ஆமென் வந்தது. எனக்கு அது ஒரு மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கும் நேரம் வந்தது. எங்கள் சபையில், நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் காணிக்கையை ஒரு கவரில் போட்டு, எதற்காக என்று மேலே எழுதிப் பெட்டியில் சேர்ப்பார்கள். போதகர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். பிறந்த நாள், கல்யாண நாள், வண்டி வாங்கினது என்று போய்க்கொண்டிருந்தது. அடுத்த கவரை எடுத்தார். “காணாமற்போன மகனை ஆண்டவர் திரும்பக் கொண்டுவந்ததற்காக ஒரு தாயாரின் ஸ்தோத்திரம்” என்றார். அவர் குரலே தழுதழுத்தது. சபை முழுவதும் ‘அல்லேலூயா’ என்றது. நானும் சொன்னேன். பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். அந்த அக்கா அரக்குக் கலர் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையத் துணியைப் போட்டு மூடிக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்.

வந்துவிட்டானா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருஷம் நாம் எழுதின வரிக்குப் பதில் கிடைத்துவிட்டதே என்று நினைத்தேன். ஆண்டவர் செய்ததில் பாதிப் பங்கு எனக்கு என்பது போல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்ததும் அவரைத் தேடிப் போனேன். வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சுற்றிப் பார்த்தேன். கூட யாரும் இல்லை.

“அக்கா, ரொம்ப சந்தோஷம். தம்பி எங்கே? கூட்டிட்டு வரலையா?” என்றேன்.

அவர் சிரித்த முகத்தோடேயே நிமிர்ந்தார். “உங்ககிட்டத்தானுங்க தம்பி கேக்கோணும்னு நின்னுட்டிருக்கேன். எங்கீங்க நிக்கறான்? போதகரய்யா ஊட்டுல தங்கியிருக்கானுங்களா? எம்மேல பயமாட்ட இருக்குது அவனுக்கு. நானு ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்னு சொல்லிப்போடுங்க.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “யாருக்கா சொன்னாங்க, வந்துட்டான்னு?” என்றேன்.

“ரேசன் கடையில நம்ம சபைக்காரங்க ரெண்டு பேரு சொன்னாங்க. லிஸ்ட்டுல வந்திருக்குதாமா. நீங்கதானுங்களே போட்டீங்க?”

அவரிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸப் கிடையாது. சபையின் மற்ற எல்லோரும் குறிப்பைப் படித்து, அந்த அக்காதான் எனக்குச் சொல்லியிருப்பார் என்று நம்பியிருக்கிறார்கள். மகன் வெட்கப்பட்டு முதலில் எங்களிடம் வந்திருக்கிறான் என்று அவர் நம்பியிருக்கிறார். அவர் போட்ட காணிக்கையைக் கேட்டுப் போதகரும் நானும் நம்பினோம். நூறு பேர் இருக்கும் சபையில் ஒருவராவது அவர் வீடு வரை போய், பையனைக் கண்ணால் பார்த்துவிட்டு வரவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு ஆமென் போட்டோம்.

நான் போனை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவதாக இருந்த துபாய்க்காரன் நான்காவது இடத்துக்கு ஏறி, இன்னும் ஜெபத்தில் இருந்தான். கீழே ஸ்தோத்திரத்தில் ‘ஒரு சகோதரியின் மகன் வீடு திரும்பியதற்காக’ என்று இருந்தது. அந்த அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “போதகர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்க்கா, நீங்க வீட்டுக்குப் போங்க” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, வேக வேகமாக நடந்தார். வீட்டைப் பூட்டாமல் வந்திருக்கிறார், அவன் வந்துவிட்டால் வெளியே நிற்கக் கூடாது என்று. அதையும் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கோழை. இதற்கு வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

நான் சொன்னதைக் கேட்டுப் போதகர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “நானும் வர்றேன்” என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். மத்தியானம் இரண்டு மணி வெயிலில் அந்த வரிசை வீட்டுக்கு நடந்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே தரை அலசி விட்டிருந்தது. கட்டிலில் புதுப் போர்வை. கொடியில் ஒரு நீலச் சட்டை, துவைத்து, இரண்டு வருஷ மடிப்பு இன்னும் போகாமல். அடுப்பு மேடையில் மூடி வைத்த பாத்திரங்கள். கோழிக் குழம்பு வாசம் வாசல் வரை வந்தது.

“வாங்க தம்பி. எங்கீங்க, பின்னால வாரானா?” என்று எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

நான் கீழே உட்கார்ந்து சொன்னேன். பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதியதை, ஐந்தாவது வரிக்குப் பதிலாக நான்காவதை வெட்டி ஒட்டியதை, திரும்பப் படிக்காததை, எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நான் நிறுத்தும் வரை குறுக்கே பேசவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்தபடி, “அப்போ அவன் வரலீங்க” என்றார்.

“இல்லக்கா.”

“நீங்க அதை எழுதறப்போ, தினமும், அவனுக்காக ஜெபம் பண்ணுவீங்களா தம்பி?”

பொய் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஐந்து வருஷமாகச் சொல்லிப் பழகிய பொய். அந்த நீலச் சட்டைக்கு முன்னால் அது வெளியே வரவில்லை. “இல்லக்கா. அனுப்பறதோட சரி” என்றேன்.

அவர் எழுந்து போனார். வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவர் ஒரு வாழையிலையைக் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். “உக்காருங்க. நேத்து மத்தியானம் ஒருக்கா ஆக்கினேன். அவன் வரலைன்னு அதைப் பக்கத்து ஊட்டுக்குக் குடுத்துப்போட்டு, காலைல எந்திரிச்சு மறுக்காவும் ஆக்கினேன். இதும் வீணாப் போகோணுமா?” என்றார். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. சாப்பிட்டேன். எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் பார்த்து வைத்தார். அவனுக்கு அப்படித்தான் பிடிக்குமாம்.

கை கழுவிவிட்டு வந்தபோது அவர் தரையில் முழங்கால் போட்டிருந்தார். “இப்போ பண்ணுங்க. நானு கேக்கறேன்” என்றார்.

நானும் முழங்கால் போட்டேன். மூட்டு நொறுங்குவது போல வலித்தது. கண்ணை மூடி, “பரலோகத்தில் இருக்கிற எங்கள் தகப்பனே” என்று ஆரம்பித்தேன். “இந்தச் சகோதரியின் மகனை...” என்று சொல்லி நின்றுவிட்டேன். எழுநூறு நாளுக்கும் மேலாக நான் எழுதிய வரி. அதில் அவன் வெறும் மகன்தான். ‘மகனை’ என்பதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வயது தெரியாது. கறுப்பா சிவப்பா தெரியாது. கண்ணைத் திறக்காமலேயே, “அக்கா, தம்பி பேரு என்ன?” என்று கேட்டேன்.

சொன்னார். அந்தப் பெயரைச் சொன்னதும்தான் அவர் உடைந்தார். அதுவரை வராத அழுகையெல்லாம் அந்தப் பெயரோடு வந்தது. நான் ஜெபித்தேனா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், அவ்வளவுதான்.

புறப்படும்போது காணிக்கையைத் திருப்பி வாங்கித் தருகிறேன் என்றேன். “அது ஆண்டவருக்குக் குடுத்தது, கிடக்கட்டும். அவருக்குத் தெரியும் எதுக்குக் குடுத்தேன்னு” என்று சொல்லிவிட்டார். பிறகு, “இனி அந்த லிஸ்ட்டுல அவனைப் போடாதீங்க. நீங்க மட்டும் தினமும் ஒருக்கா பேரைச் சொல்லுங்க, போதும்” என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே குழுவில் திருத்தம் போட்டேன். தவறு என்னுடையது, அந்த மகன் இன்னும் வரவில்லை, மன்னிக்கவும் என்று எழுதினேன். அதற்கும் பதினொரு பேர் ஆமென் போட்டார்கள். குறிப்பு எழுதும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவரும் நேற்றையதை எடுத்துத் தேதியை மாற்றித்தான் அனுப்புகிறார் என்பது எழுத்துப் பிழைகூட மாறாமல் வருவதிலிருந்தே தெரிகிறது. அவரைச் சொல்லி என்ன?

முதல் இரண்டு மாதம் நான் ஒழுங்காக இருந்தேன். காதில் ஒயர் மாட்டுவதில்லை. பஸ் கிளம்பியதும் கண்ணை மூடி அந்தப் பெயரைச் சொல்வேன். அவன் எந்த ஊர்ச் சாலையில் நடக்கிறானோ, எந்த ஓட்டலில் இலை எடுக்கிறானோ என்று நினைத்துப் பார்ப்பேன். இதுதான் ஜெபம் போலிருக்கிறது, இத்தனை வருஷம் தெரியாமல் போய்விட்டதே என்றுகூடத் தோன்றியது. அப்புறம் ஆபீசில் ஆள் குறைந்துவிட்டது. பஸ்ஸிலேயே கடைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணை மூடுவது ராசிபுரத்துக்குத் தள்ளிப்போனது. ராசிபுரத்தில் மூடினால் தூக்கம் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். அந்த அக்கா வாசல் கேட் அருகே நின்றிருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். இரண்டு வருஷம் வாரம் தவறாமல் கேட்டவர், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று அருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: “எனக்கு இப்பல்லாம் ஜெபிக்க வாயே வர மாட்டேங்குதுங்க தம்பி. முழங்கால் போட்டா சும்மா இருக்குது. சர்ச்சுக்கு வாரதே பழக்க தோசத்துலதான். நீங்க ஒருத்தராச்சும் அவன் பேரைச் சொல்றீங்கன்னுதான் நானு படுத்துத் தூங்கறேன். சொல்றீங்கல்லங்க?”

“தினமும் சொல்றேன்க்கா” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார். அந்த வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஒரு நாள்தான் நான் அவனை நினைத்திருந்தேன்.